ஜோடி மாத்திரை

திண்டுக்கல்லில் ஐம்பது வயது தாண்டிய யாருடைய மருந்துக்கடை பில்லையாவது வாங்கிப் பாருங்கள். முதல் வரியில் பிரஷர் மாத்திரை இருந்தால் அடுத்த வரியில் கேஸ் மாத்திரை இருக்கும். டாக்டர் எழுதித் தராவிட்டாலும் இவர்களே கேட்டு வாங்கிக்கொள்வார்கள். “அப்படியே அந்த வெறும்வயித்து மாத்திரையும் ஒரு அட்டை வைங்கண்ணே.” கடை திறந்ததிலிருந்து சாத்தும்வரை காதில் விழும் பேச்சு இது. இரண்டும் ஒரே டப்பாவில் கிடக்கும். ஒன்று தீரும்போது மற்றதும் தீர்ந்துவிடும்.

இந்த ஜோடி எப்படிச் சேர்ந்தது என்று கேட்டால் பிரியாணியைக் காட்டுவார்கள். ராத்திரி பதினொரு மணிக்குப் புரோட்டாவும் சால்னாவும் தின்றுவிட்டுப் படுத்தால் நெஞ்சு கரிக்காமல் என்ன செய்யும் என்பார்கள். அது பாதி சரி. மீதிப் பாதிக்கான காரணம் பில்லின் முதல் வரியிலேயே இருக்கிறது. இந்த ஊருக்கு வந்த ஒவ்வொரு தலைமுறைப் பிரஷர் மருந்தும் வாயிலோ தொண்டையிலோ உணவுக்குழாயிலோ ஏதோ ஒரு வில்லங்கத்தையும் கூட்டிக்கொண்டுதான் வந்தது. அந்த வில்லங்கத்துக்கு நாங்கள் இன்னொரு மாத்திரை விற்றோம். இதுதான் எங்கள் தொழிலின் சரித்திரம், வேண்டுமென்றால் சிரித்துக்கொள்ளுங்கள்.

நான் 1974-ல் மணிக்கூண்டுப் பக்கம் அக்கா வீட்டுக்காரர் வைத்திருந்த மெடிக்கலில் பொட்டலம் மடிக்கச் சேர்ந்தவன். பிறகு டி.பார்ம். முடித்து, பேகம்பூர் போகும் வழியில் சொந்தமாகக் கடை போட்டேன். இப்போது பி.பார்ம். படித்த மருமகள் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறாள். நான் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் அவள் கேட்க நேரமில்லாத கேள்விகளைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நான் சேர்ந்த காலத்தில் ரத்தக் கொதிப்புக்கு அதிகம் போனது அடெல்ஃபேன். வெள்ளைக்காரன் மருந்து என்று எல்லோரும் நினைத்த அந்த மாத்திரைக்குள் இருந்த முக்கியச் சரக்கு ரிசர்ப்பின்; நம் நாட்டுச் சர்ப்பகந்தா வேரிலிருந்து எடுத்தது. மேற்கு ரத வீதி நாட்டு மருந்துக் கடைகளில் அந்த வேர் பொட்டலமாகக் கிடைக்கும். தூக்கம் வராதவர்களும் சித்தம் கலங்கியவர்களை வீட்டில் வைத்திருப்பவர்களும் வாங்கிப் போவார்கள். 1931-ல் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் இந்த வேர் மனக்கலக்கத்துக்கும் ரத்தக் கொதிப்புக்கும் கேட்கிறது என்று எழுதினார்கள். அதே வருஷம் டெல்லியில் சலிமுஸ்ஸமான் சித்திக்கி வேரிலிருந்து ஒரு சத்தைப் பிரித்து, தன்னை ஆதரித்த ஹக்கீம் அஜ்மல் கானின் பெயரால் அஜ்மலின் என்று பெயர் வைத்தார். இமாலயா கம்பெனி 1934-ல் செர்ப்பினா என்று மாத்திரையாகவே போட்டது. ஆனாலும் பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வகீல் ஐம்பது நோயாளிகளிடம் கொடுத்துப் பார்த்து, 1949-ல் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் எழுதிய பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 1952-ல் சுவிட்சர்லாந்தின் சீபா கம்பெனிக்காரர்கள் ரிசர்ப்பினைத் தனியாகப் பிரித்தார்கள். இங்கே பிடுங்கிய வேர் பேசல் நகரம் வரை போய், மாத்திரை அட்டையாகத் திண்டுக்கல்லுக்குத் திரும்பி வந்தது.

அது பிரஷரை இறக்கியது உண்மை. கூடவே மூக்கை அடைத்தது. ராத்திரி வாயால் மூச்சு விட்டுக் காலையில் தொண்டை காய்ந்து எழுந்திருப்பார்கள். முதல் கவளம் இறங்காது. வயிற்றில் அமிலத்தையும் அது கூட்டும். அல்சர் இருக்கிறவருக்குக் கொடுக்கக்கூடாது என்று அட்டையோடு வரும் காகிதத்தில் பொடி எழுத்தில் இருக்கும். அந்தக் காகிதத்தை யார் படித்தார்கள்? நாங்கள் அதைப் பின்பக்கம் கணக்கு எழுத வைத்துக்கொள்வோம். நெஞ்சு எரிந்தால் ஜெலுசில் பாட்டில், கையில் காசு இல்லாவிட்டால் சோடா உப்பு. மூக்கடைப்புக்கு இந்த ஊரில் மருந்து கேட்டு யாரும் கடைக்கு வரவேண்டியதில்லை. மடியிலேயே மூக்குப்பொடி டப்பி இருந்தது.

புகையிலையைப் பேசாமல் திண்டுக்கல்லின் தொண்டையைப் பேச முடியாது. வேடசந்தூர் பக்கத்துக் கரிசலிலும் செம்மண்ணிலும் விளைந்த இலை பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சுருட்டாகிக் கப்பலேறியது. சென்னை ஸ்பென்சர் கம்பெனி இங்கே சுருட்டு ஆலையே வைத்திருந்தது. வேடசந்தூரில் இன்றும் மத்திய அரசின் புகையிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. சுருட்டு போனபிறகும் வாயில் போட்டு மெல்லும் போயிலை போகவில்லை. அங்குவிலாஸ் என்ற பெயர் இந்த ஊரை விடத் தூரம் போன பெயர். என் அப்பத்தா சாகும்வரை இடுப்பில் சுருக்குப்பை செருகியிருந்தது. வெற்றிலை, கொட்டைப்பாக்கு, ஒரு கிள்ளு போயிலை எல்லாம் அதற்குள் இருக்கும்.

அந்தச் சுருக்குப்பையைத்தான் உணவுக்குழாயைப் பற்றிச் சொல்லும்போது நான் உதாரணம் காட்டுவேன். (திண்டுக்கல்காரன் என்றால் பூட்டைத்தான் சொல்வான் என்று எதிர்பார்க்கிறவர்கள் மன்னிக்கவும்; பூட்டுக்குச் சாவி வேண்டும், இதற்கு வேண்டாம்.) தொண்டையிலிருந்து இரைப்பை வரை கிட்டத்தட்ட இருபத்தைந்து சென்டிமீட்டர் நீளக் குழாய். அது இரைப்பையில் சேருமிடத்தில் தசை வளையம் ஒன்று எப்போதும் சுருக்கி இழுத்தபடி நிற்கும். விழுங்கும்போது மட்டும் சில நொடி இளகி, உணவை உள்ளே விட்டு, மறுபடி சுருங்கிக்கொள்ளும். சுருக்கு தளர்ந்தால் புளித்த தண்ணீர் மேலே வரும். இளகவே மாட்டேன் என்று இறுகிக்கொண்டால் சோறு கீழே இறங்காது. நிக்கோட்டினுக்கு இந்தச் சுருக்கைத் தளர்த்தும் குணம் உண்டு. ஆகப் பிரஷர் மாத்திரைகள் வருவதற்கு முன்பே எங்கள் ஊர்ச் சுருக்குகள் கொஞ்சம் தளர்ந்துதான் இருந்தன.

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் வந்தவை தொண்டையைக் காயவைத்த மாத்திரைகள். ஒன்றுக்குப் போகவைக்கும் மாத்திரை என்று ஊரே அழைத்த சிறுநீர் மருந்துகள் உடம்பின் உப்பையும் தண்ணீரையும் இறக்கின. அவற்றில் பழைய குளோரோதையசைடு 1950-களின் கடைசியில் அமெரிக்காவில் வந்தது. மெத்தில்டோபாவும் வாயை உலர்த்தும். க்ளோனிடின், எங்கள் கடைப் பேச்சில் ஆர்க்கமின், இந்த விஷயத்தில் எல்லாவற்றுக்கும் தலைவன். ஜெர்மனியில் அதை மூக்கடைப்புச் சொட்டு மருந்தாகத்தான் தயாரித்தார்களாம். சளி பிடித்த ஆபீஸ் பெண்மணி ஒருவருக்கு அதைக் கொடுத்துப் பார்க்க, அவர் ஒரு நாள் முழுக்கத் தூங்கிவிட்டார். ரத்த அழுத்தமும் நாடித் துடிப்பும் இறங்கிப்போயின. மூக்கை உலர்த்த வந்த மருந்து வாயை உலர்த்தியதில் ஆச்சரியமில்லை.

எச்சில் இல்லாத வாயில் சோறு கட்டியாகத்தான் உருளும். தண்ணீர் குடித்து இறக்கலாம் என்றால் இது குழாயில் தண்ணீர் வரும் நாளைக் காலண்டரில் சுழித்து வைத்த ஊர். ஆத்தூர் காமராஜர் அணை நிரம்பினால்தான் எங்கள் முகம் மலரும். அதனால் இங்கே மாத்திரை போடுவதற்கென்றே ஒரு பழக்கம் வளர்ந்தது. டீக்கடையில் டீயின் கடைசி மடக்கோடு போடுவது, பஸ்ஸில் ஏறும்போது எச்சிலைக் கூட்டி விழுங்குவது, ராத்திரி பாயில் சாய்ந்தபடி ஒரு மடக்குத் தண்ணீரில் இறக்கிவிட்டு அப்படியே படுப்பது. ஒரு மடக்குத் தண்ணீரில் போன மாத்திரை இரைப்பைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதாக நாம் நம்புகிறோம். பல நேரம் அது நடு வழியில் குழாயின் சுவரில் ஒட்டிக்கொண்டு அங்கேயே கரையும். சில மாத்திரைகள் கரைந்த இடத்தைப் புண்ணாக்கிவிடும். சிறுநீர் மருந்தால் இறங்கிப்போன பொட்டாசியத்தை ஈடுகட்டக் கொடுக்கும் பொட்டாசியம் குளோரைடு மாத்திரை அப்படிப்பட்டது. இதயம் வீங்கிக் குழாயை அழுத்தியிருந்த ஒரு நோயாளிக்கு அது உணவுக்குழாயில் தங்கிப் புண்ணாக்கிய கதை 1970-லேயே பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் வந்துவிட்டது. எங்கள் கடையில் பொட்டாசியம் பெரும்பாலும் சிரப்பாகத்தான் போனது. உவர்ப்பும் கசப்புமாக இருக்கும் அதைக் குடிக்கச் சண்டை போடுவார்கள். ஆனால் குழாய்க்கு அதுவே நல்லது.

மாத்திரையை அட்டையோடு விழுங்கியவர்களும் உண்டு. மாதச் சம்பளம் இல்லாத தறிக்காரரும் தோல் கிடங்கு ஆளும் முழு அட்டை வாங்கமாட்டார்கள். “ரெண்டு நாளைக்கு வெட்டிக் குடுங்கண்ணே” என்பார்கள். கத்தரிக்கோலால் ஒவ்வொன்றாக நறுக்கிக் கொடுப்போம். கண் மங்கிய கிழவர்கள் அந்தக் கூரான சதுரத்தை அப்படியே வாயில் போட்டுக்கொண்டால் குழாய் கிழிந்துபோகும். ஜப்பானில் இந்தத் தொல்லை தாங்காமல் ஒற்றை மாத்திரையாக வெட்ட முடியாதபடி அட்டையின் வடிவத்தையே மாற்றினார்கள். நான் என் கடையில் ஒற்றையாக வெட்டுவதை நிறுத்தி ரொம்ப காலமாகிறது. காசு குறைவாக இருந்தாலும் இரண்டாகவே வெட்டு, மூலையை மழுக்கிக் கொடு என்று பையன்களிடம் சொல்லியிருக்கிறேன்.

பிறகு நிஃபெடிபைன் வந்தது. ஜெர்மனியின் பேயர் கம்பெனி 1975-ல் அடாலாட் என்று வெளியிட்ட சரக்கு. எங்களுக்கு அது டெப்பின் கேப்ஸ்யூல். மஞ்சள் திரவம் உள்ளே தளும்பும், வெளிச்சம் பட்டால் கெட்டுவிடும். எண்பதுகளிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் இதைச் சுற்றி ஒரு சடங்கே நடந்தது. யாராவது தலை சுற்றுகிறது, பிடரி வலிக்கிறது என்று உட்கார்ந்தால் போதும். பாதரசக் கருவியில் இருநூறைத் தொட்டதும் கேப்ஸ்யூலை ஊசியால் குத்தி நாக்குக்கு அடியில் பிழிந்துவிடுவார்கள். அரை மணியில் பிரஷர் சடசடவென்று இறங்கும். டாக்டரின் பெயர் ஓங்கும். 1987-ல் ஹாலந்தில் சோதித்துப் பார்த்தபோது நாக்கின் அடியில் அந்த மருந்து உறிஞ்சப்படுவதே இல்லை என்று தெரிந்தது. எச்சிலோடு சேர்த்து விழுங்கியதுதான் வேலை செய்திருக்கிறது! அப்படி அழுத்தம் ஒரேயடியாக விழுந்ததில் பக்கவாதமும் மாரடைப்பும் வந்தவர்களின் கணக்கைக் காட்டி, இதை நிறுத்துங்கள் என்று 1996-ல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் எழுதினார்கள். இங்கே அந்தச் சடங்கு அடங்க இன்னும் சில வருஷம் பிடித்தது.

நிஃபெடிபைன் வகை மருந்துகள் ரத்தக்குழாய்ச் சுவரின் மென்தசைக்குள் கால்சியம் நுழைவதைத் தடுக்கின்றன. கால்சியம் இல்லாமல் தசை சுருங்காது. குழாய் விரியும், அழுத்தம் குறையும். உணவுக்குழாயின் கீழ்ப்பாதியும் அந்தச் சுருக்கு வளையமும் அதே வகை மென்தசைதான். மருந்துக்கு ரத்தக்குழாய் எது, உணவுக்குழாய் எது என்று தெரியாது. பிரஷர் மாத்திரை போட ஆரம்பித்தபின் புளிச்ச ஏப்பம், படுத்தால் நெஞ்சு கரிப்பு என்று வந்தவர்களுக்கு நடந்தது இதுதான்.

ஒருவருக்கு வினையாக இருந்த அதே குணம் இன்னொருவருக்கு மருந்தாக இருந்ததையும் பார்த்திருக்கிறேன். சின்னாளப்பட்டியிலிருந்து ஓர் அம்மா வருவார். சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுகிறவர், வயது நாற்பதுக்குள். சீட்டில் டெப்பின் எழுதியிருக்கும். பிரஷர் பார்த்தால் சாதாரணம். சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு என்று மதுரை டாக்டர் எழுதியிருந்தார். “சோறு நெஞ்சுக்குழியில நின்னுக்கிருதுய்யா. தண்ணி குடிச்சாலும் நிக்கிது. ராத்திரி படுத்தா மூக்கு வழியா வருது” என்றார். அவருக்கு அந்தச் சுருக்கு இளக மறுக்கும் நோய். அகலேசியா என்பார்கள். 1674-லேயே இங்கிலாந்து டாக்டர் தாமஸ் வில்லிஸ் இப்படி ஒருவரைக் கண்டு, திமிங்கல எலும்பின் நுனியில் கடற்பஞ்சைக் கட்டி, சாப்பிட்டதும் அதை விட்டுச் சோற்றை உள்ளே தள்ளிக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தார். அந்த மனிதர் அதை வைத்தே பல வருஷம் உயிர் வாழ்ந்தார். 1913-ல் ஜெர்மனியில் எர்னஸ்ட் ஹெல்லர் அந்தத் தசையைக் கத்தியால் கீறி இளக்கினார். நிஃபெடிபைன் இதற்கு உதவும் என்று இத்தாலியின் போலோனியா டாக்டர்கள் 1981-ல் குழாயின் அழுத்தத்தை அளந்து காட்டினார்கள். ஜப்பானில் ஹருஹிரோ இனோவே 2008-ல் வாய் வழியாகவே எண்டோஸ்கோப் விட்டுத் தசையை வெட்டும் முறையைத் தொடங்கினார். இப்போது நம் நாட்டுப் பெரிய மருத்துவமனைகளிலும் அதைச் செய்கிறார்கள். சின்னாளப்பட்டி அம்மாவுக்கு மாத்திரை பாதி உதவியது, தலைவலியும் கொடுத்தது. பிறகு மதுரையில் பலூன் விட்டு விரித்தார்கள். மாத்திரை வாங்க வருவது நின்றது. சேலைக் கட்டைத் தூக்கிக்கொண்டு கடை வழியாகப் போகும்போது “இப்ப இட்லி இறங்குதுய்யா” என்று சொல்லிவிட்டுப் போவார்.

இந்த இடத்தில் கறாராக ஒன்று சொல்லவேண்டும். விழுங்கும்போது தடுக்கிறது, முதலில் இறைச்சி, பிறகு சோறு, பிறகு கஞ்சி, கூடவே உடம்பும் இளைக்கிறது என்று ஒருவர் வந்தால் அவருக்கு நான் கேஸ் மாத்திரை கொடுப்பதில்லை. போயிலை ஊர் இது. எண்டோஸ்கோப் பார்க்காமல் அட்டை வாங்கித் தின்று கொண்டிருந்தால் புற்றுக்கு நாமே நாள் கொடுத்ததாகும். “அண்ணே, ஏவாரம் வேணாமா?” என்று பையன்கள் கேலி செய்வார்கள்.

எனாலாப்ரில் வந்தபோது நெஞ்சு கரிப்பு குறைந்து இருமல் தொடங்கியது. பிரேசில் நாட்டு ஜரராக்கா விரியன் பாம்பின் விஷத்தில் செர்ஜியோ ஃபெரேரா 1960-களில் கண்ட பொருளைத் துருவிக்கொண்டு போய், ஸ்குவிப் கம்பெனி கேப்டோப்ரில் செய்தது. அமெரிக்காவில் 1981-ல் அனுமதி. அதன் தம்பி எனாலாப்ரில். எங்கள் கடையில் என்வாஸ். இந்த வகை மருந்து தடுக்கும் நொதி, தொண்டையில் பிராடிகைனின், சப்ஸ்டன்ஸ் பி என்ற பொருள்களைச் சிதைக்கிற நொதியும்கூட. அவை சிதையாமல் தேங்கினால் தொண்டை எதற்கெடுத்தாலும் கூசும். சளி இல்லாத வறட்டு இருமல், ராத்திரியானால் கூடும். பேகம்பூர் தோல் கிடங்கில் வேலை பார்த்தவர்களெல்லாம் கிடங்கு நாற்றத்தால் இருமுவதாகத்தான் நினைத்தார்கள். எத்தனை பாட்டில் இருமல் டானிக் விற்றிருப்போம்! டி.பி. சந்தேகத்தில் எக்ஸ்ரே எடுத்தவர்களும் உண்டு. நூற்றில் ஒருவருக்கும் குறைவாக, உதடும் நாக்கும் தொண்டையும் வீங்கி மூச்சையே அடைத்துவிடும். அது வந்தால் உடனே ஆஸ்பத்திரி, பிறகு ஆயுசுக்கும் அந்த மாத்திரை கூடாது. லோசார்ட்டான் 1995-ல் வந்தபின் இருமுகிறவர்களையெல்லாம் அதற்கு மாற்றினார்கள். இருமல் மாத்திரை என்று என்வாஸுக்கு ஊரில் பெயர் கெட்டது.

ஜப்பான்காரர்கள் அதைத் திருப்பிப் போட்டார்கள். பக்கவாதம் வந்த வயசாளிகளுக்குத் தொண்டை கூச்சம் மங்கிவிடும். தூக்கத்தில் எச்சிலும் சோற்றுப் பருக்கையும் நுரையீரலுக்குள் இறங்கினாலும் இருமல் வராது. நிமோனியா வந்துதான் தெரியும். அவர்கள் தொண்டையில் சப்ஸ்டன்ஸ் பி குறைந்திருக்கிறது என்று செண்டாய் நகரத்துத் தோஹோகு பல்கலைக்கழக டாக்டர்கள் கண்டார்கள். அப்படியானால் அதைத் தேக்கிவைக்கும் இருமல் மாத்திரையே அவர்களுக்கு நல்லதில்லையா? 1998-ல் லான்செட் இதழில் அவர்கள் எழுதியதன் சாரம் அதுதான்: அந்த மாத்திரை சாப்பிட்ட வயசாளிகளுக்கு நிமோனியா குறைவாக வந்தது. 2004-ல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்றின் கணக்கிலும் பக்கவாதம் வந்த ஆசியர்களிடம் இதே போக்குத் தெரிந்தது. மற்ற நாட்டவரிடம் அவ்வளவாகத் தெரியவில்லை. அதனால் இதை முடிந்த முடிவாகச் சொல்லக்கூடாது என்று என் மருமகள் கண்டிப்பாகச் சொல்கிறாள். இருக்கட்டும். நாகல் நகரில் ஒரு சௌராஷ்டிரத் தாத்தாவுக்கு வலது பக்கம் இழுத்துக்கொண்டபின் எனாலாப்ரில் ஓடியது. மகள் வந்து, “ஓயாம இருமுறார்ண்ணே, வேற மாத்திரை குடுங்க” என்றார். டாக்டரைக் கேட்காமல் மாற்றமுடியாது என்றேன். டாக்டர் சொன்னாராம்: “லேசா இருமட்டும்மா, அந்த இருமல்தான் அவருக்குக் காவல்.” அவர் ஜப்பான் கட்டுரையைப் படித்தாரா, அனுபவத்தில் சொன்னாரா, எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

அதே செண்டாய்க் குழு 1993-ல் இன்னொன்றும் செய்தது. மிளகாயின் காரச் சத்தான கேப்சைசினைத் துளித்துளியாகத் தொண்டையில் விட்டுப் பார்த்தார்கள். மந்தமாக இருந்த விழுங்கும் அனிச்சை விழித்துக்கொண்டது. பிறகு மிளகு எண்ணெயை மோந்து பார்க்கச் சொல்லியும் ஆராய்ந்தார்கள். படுக்கையில் கிடக்கும் கிழவிக்கு மிளகு ரசம் கொடுத்தால் சோறு இறங்கும் என்று நம் வீடுகளில் சொல்வதைக் கேலி செய்த ஒரு இளம் டாக்டரிடம் இதைச் சொன்னேன். “அந்த ரசத்துல உப்பு எவ்வளவு போடுவீங்க?” என்று திருப்பிக் கேட்டார். அதுவும் நியாயம்தான். பிரஷருக்கு உப்புதான் முதல் எதிரி. ஊறுகாயும் கருவாடும் அப்பளமும் இல்லாமல் இந்த ஊரில் தட்டு நிறையாது.

அம்லோடிபைன் அமெரிக்காவில் 1992-ல் வந்தது. கொஞ்ச காலத்தில் இங்கும் பரவி, மற்ற எல்லாவற்றையும் ஓரம் கட்டியது. நாளுக்கு ஒன்று, விலை மலிவு, இருமல் இல்லை, ரத்தச் சோதனை தேவையில்லை. நிஃபெடிபைனின் பங்காளி, ஆனால் நிதானக்காரன். கால் வீங்கும். சுருக்கையும் தளர்த்தும், மெதுவாக, நாள் முழுக்க. கிட்டத்தட்ட அதே சமயத்தில் ஒமெப்ரசோல் வந்தது, பின்னால் பேன்டோபிரசோல். அதற்கு முன் ரானிடிடின் இருந்தது, அதற்கும் முன் ஜெலுசில். ஆனால் இந்தப் புதிய மாத்திரைபோல அமிலத்தை அடைத்தது வேறில்லை. இரண்டும் ஒரே பத்தாண்டில் ஊருக்குள் வந்து ஜோடி சேர்ந்தன. கேஸ் மாத்திரை அமிலத்தைத்தான் குறைக்கும். சுருக்கை இழுத்துக் கட்டாது. சாப்பிட்டது மேலே வருவது நிற்பதில்லை, எரிச்சல்தான் தெரிவதில்லை. வருஷக்கணக்கில் தின்றால் பி12-ம் மெக்னீசியமும் குறையலாம். அந்தக் களைப்புக்குச் சத்து மாத்திரை என்று மூன்றாவது வரியும் பில்லில் ஏறுகிறது.

1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வந்தபின் அரசு ஆஸ்பத்திரிகளில் பொட்டலம் மடிப்பது போய் அட்டை வந்தது. 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியதிலிருந்து, பிரஷர் கருவியோடு வீட்டு வாசலுக்கே வந்து பார்த்து, மாத மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். பாதி வழியில் மாத்திரையை விட்டு, பக்கவாதத்தில் விழுந்த எத்தனையோ பேரைப் பார்த்தவன் நான்; இதைவிடப் பெரிய காரியம் இந்த ஊரின் ரத்த அழுத்தத்துக்கு நடந்ததில்லை என்பேன். நெஞ்சு கரிக்கிறது என்று அம்லோடிபைனைத் தானாக நிறுத்துகிறவரிடம் எனக்குக் கோபம்தான் வரும். டாக்டரிடம் சொன்னால் அளவைக் குறைக்கலாம், வேறு வகைக்கு மாற்றலாம். டில்டியாசம் போல அதே குடும்பத்தில் வேறு மாத்திரையும் உண்டு, பீட்டா பிளாக்கர்கள் சுருக்கைத் தளர்த்துவதில்லை, சார்ட்டான்களாலும் அந்தத் தொல்லை இல்லை. ராத்திரி மாத்திரையைப் போட்டு உடனே சாயாமல், ஒரு டம்ளர் தண்ணீரோடு போட்டு அரை மணி உட்கார்ந்திருந்தாலே பலருக்குப் பாதி தீரும். விழுங்க முடியாத தாத்தாவுக்கு மாத்திரையை நுணுக்கி ரசத்தில் கலக்கும் வீடுகளில் மட்டும் நான் குறுக்கே விழுவேன். மெதுவாகக் கரையும்படி செய்த நிஃபெடிபைன், மெட்டோபிரலால் வகைகளை நுணுக்கினால் நாள் முழுக்க வேண்டிய மருந்து ஒரேயடியாக உள்ளே போய்விடும். அம்லோடிபைனை நுணுக்கலாம், அவற்றை நுணுக்கக்கூடாது. அட்டையில் எஸ்.ஆர்., எக்ஸ்.எல்., ரிடார்ட் என்று போட்டிருந்தால் கேட்டுவிட்டுத்தான் அம்மியைத் தொடவேண்டும்.

காந்திகிராமத்துக் கஸ்தூரிபா மருத்துவமனை வளாகத்திலிருந்து ஒரு தடவை வந்த நர்ஸ் சொன்னது நினைவிருக்கிறது. கர்ப்பிணிகளுக்கு அந்தச் சுருக்கு ஹார்மோனாலேயே தளர்ந்திருக்கும். அதோடு பிரஷரும் ஏறி நிஃபெடிபைனும் கொடுத்தால் கரிப்பு இரட்டிப்பாகும். அதனால் தலையணையை உயர்த்தி வை, இடது பக்கம் படு என்று மாத்திரையோடு அதையும் சேர்த்துச் சொல்லித்தான் அனுப்புவார்களாம். காந்திகிராமத்தைத் தொடங்கிய டாக்டர் சௌந்தரம் அம்மா 1947-ல் நட்ட இடம் அது. சொல்லிக் கொடுப்பதும் வைத்தியத்தில் சேர்த்தி என்ற பழக்கம் அங்கே இன்னும் மிச்சமிருக்கிறது.

எங்கள் கவுண்ட்டரில் இப்போது தனி அம்லோடிபைன் குறைந்துவருகிறது. டெல்மிசார்ட்டானும் அம்லோடிபைனும் சேர்ந்த ஒரே மாத்திரை, சில சமயம் சிறுநீர் மருந்தும் சேர்ந்து மூன்றும் ஒன்றாக. மறக்காமல் போடுவார்கள், பிரஷரும் நன்றாக அடங்குகிறது என்று மருமகள் சொல்கிறாள், சரிதான். போன வாரம் பழனி ரோட்டு வாத்தியார் ஒருவர் மாத்திரை மாற்றியதிலிருந்து புளிச்ச ஏப்பம் என்றார். எதனால் என்று பார்க்க ஒன்றை மட்டும் நிறுத்திப் பார்க்கலாமா என்று கேட்டார். மூன்றும் ஒரே மாத்திரைக்குள் இருக்கின்றன, பிரித்து எழுதித் தரச் சொல்லி டாக்டரிடம்தான் கேட்கவேண்டும் என்றேன். அவர் சரியென்று சொல்லிவிட்டு, அதுவரைக்கும் சமாளிக்க ஒரு அட்டை பேன்டோபிரசோல் வாங்கிக்கொண்டு போனார்.